மெர்சியக்கா அம்பயரா நின்ன ஞாயித்துக்கிழமை

மெர்சிக்கு எதைப் பத்தியும் ஒரு கருத்து இருக்குமுங்க. போத்தனூர் ரயில்வே ஸ்டேசனுக்குப் பொறகால இருக்கற சந்துல அவளுக்கு ஒரு மாவுக்கடை. ரெண்டு பெரிய கிரைண்டரு, ஒரு தராசு, ஒரு உப்பு ஜாடி, அந்த ஜாடி மேல சாச்சு வெச்ச செல்போனு. காலைல அஞ்சரைக்குக் கிரைண்டரு சுத்த ஆரம்பிச்சா, அது கூடவே மெர்சி வாயும் ஆரம்பிச்சிரும். போசியை எடுத்துக்கிட்டு இட்லி மாவுக்கு வர்றவங்க, மாவோட சேத்து அன்னைய நாட்டு நடப்பையும் வாங்கிட்டுத்தான் ஊட்டுக்குப் போவாங்க.

"ஏனுங்கக்கா, நம்ம ஊருக்கு மெட்ரோ ரயிலு வருதாமா?"

"வரும் கண்ணு, வரும். எங்க கயலு ஒண்ணாப்புச் சேந்தப்பவே வருதுன்னாங்க. இப்ப அவ பன்னெண்டு முடிச்சுப்போட்டா. அவளுக்கு ஒரு புள்ள பொறந்து, அது ஒண்ணாப்புச் சேரும்போதும் வருதுன்னுதான் சொல்லுவாங்க. நீ இப்போதைக்கு டவுன் பஸ்ஸுலயே போயிட்டு வா."

அமெரிக்காக்காரரு வரி போட்டதுக்கும் ஒரு சொல்லு வெச்சிருந்தா. "அங்க ஒருத்தரு பேனாவைத் தொறக்கறாரு, இங்க திருப்பூர் பனியன் கம்பெனியில எந்தம்பிக்கு வாரத்துல மூணு நாளு லீவு. ஓட்டுப் போட்டது எவனோ, ஊட்டுல உக்காந்திருக்கறது இவன்." ஐபிஎல் ஏலம் நடந்தா அதையும் விட மாட்டா. "மாட்டுச் சந்தையில கூடப் பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வெலை பேசறாங்க. இவங்க என்னடான்னா, அட கெரகமே, பக்கத்து மேசைக்காரன் கையைத் தூக்குனான்னு தானும் தூக்கறாங்க." டிவியில நாலு பேரு உக்காந்து அரசியல் பேசறதைப் பாத்தா, "எங்கடைல ரெண்டு கிரைண்டரும் ஒட்டுக்கா ஓடுனாக் கூட ஒரு வார்த்தை காதுல விழுகுது, இதுல அதுவும் இல்லை"ம்பா.

ஆனா மெர்சிக்கு மெய்யாலுமே கோவம் வர்றது அம்பயருங்க மேலதான். "பத்து கேமரா வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிசம் பாக்கறான். அப்பவும் தப்பாச் சொல்றான். எனக்கு ஒரு கேமராவும் வேண்டாம், ஒரே ஒரு தடவை அங்க நிக்க உட்டாங்கன்னா போதும்"னு கரண்டியோட செல்போனைப் பாத்துக் கத்துவா. அவ புருசன் ரவிக்குமாரு, சரக்கு ஆட்டோ ஓட்டறவரு, "செல்போனுக்குக் காது கேக்காது மெர்சி"ம்பாரு. அதோட அவரு அன்னைக்குப் பேச வேண்டியது முடிஞ்சுது.

இப்பேர்ப்பட்ட மெர்சிக்கு ஒரே மக, கயல்விழி. நம்ம பொம்பளைப் புள்ளைங்க உலகக் கோப்பையைத் தூக்குன நாளுல இருந்து, கிரிக்கெட் பேட்டையே பாக்காத தெருவுல எல்லாம் புள்ளைங்க டீமு சேந்துபோச்சுங்க. கயலு அதுக்கும் முந்தியே ஆடறவ. தெருவுல ஆம்பளைப் பசங்க கூட ஆடி, ரெண்டு சன்னலை ஒடைச்சு, அடி வாங்கி வளந்தவ. இந்த மே மாசம் போத்தனூர் மைதானத்துல மகளிர் டென்னிஸ் பால் போட்டி நடந்துச்சு. கயலோட ஜங்ஷன் லெவன் டீமு பைனலுக்கு வந்துருச்சு. எதுத்தாப்பல மதுக்கரை டீமு.

பைனல்னா வெறும் கோப்பை மட்டும் இல்லைங்க. டவுன்ல ஒரு காலேஜுல இருந்து விளையாட்டு டீச்சரம்மா ஒருத்தங்க அன்னைக்கு வர்றதாச் சொல்லியிருந்தாங்க. நல்லா ஆடற புள்ளைங்க ரெண்டு பேருக்கு விளையாட்டுக் கோட்டாவுல பீஸே இல்லாம டிகிரி சீட்டு. கயலு மார்க்குக்கு வேற எந்தப் பக்கம் போனாலும் கதவு தொறக்காது. அது கயலுக்கும் தெரியும், மெர்சிக்கும் தெரியும். சனிக்கிழமை பூராம் ஊட்டுல அதைப் பத்தி ஒருத்தரும் பேசலை. அப்படின்னா எவ்வளவு பயந்து போயிருந்தாங்கன்னு பாத்துக்கோங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேட்ச். மதுக்கரைப் புள்ளைங்க மொதல்ல பேட்டிங் புடிச்சு, பத்து ஓவர்ல எழுபத்தொண்ணு அடிச்சாங்க. அந்தப் பத்து ஓவரும் மெர்சி கோட்டுக்கு வெளிய நின்னு அம்பயரைப் போட்டு வறுத்து எடுத்துட்டா. "ஏனுங்க, அது வைடுங்களா? எங்கூட்டுக் கதவு கூட அத்தனை அகலம் கெடையாதுங்க!" "கண்ணாடியை மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது, யாராச்சும் போயி எடுத்தாந்து குடுங்க!" சனமெல்லாம் மேட்சைப் பாக்கறதா மெர்சியைப் பாக்கறதான்னு தெரியாம சிரிச்சுது.

பாவம், கடைசி ஓவர்ல அந்த அம்பயருக்கு முழங்கால்லயே நேராப் பந்து பட்டுப்போச்சு. மனுசன் நொண்டிக்கிட்டே போயி நெழல்ல உக்காந்துட்டாரு. பந்து பட்டதாலயா, மெர்சி வாய் பட்டதாலயான்னு தெரியலை, மறுபடி எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. அடுத்து ஜங்ஷன் டீமு பேட்டிங், இன்னொரு அம்பயரு மட்டும்தான் பாக்கி.

நம்ம பக்கத்து டென்னிஸ் பால் மேட்சுல ஒரு வழக்கம் உண்டுங்க. அம்பயரு கொறைஞ்சா, பேட்டிங் பண்ற டீமு ஒரு ஆளைக் குடுக்கணும். எதுத்த டீமு கேப்டன் சரின்னா அவங்க நிக்கலாம். போட்டியை நடத்தற ரசாக் பாய், டெய்லர் கடைக்காரரு, அவருதான் மைக்கும் புடிச்சிருந்தாரு. ஒரு நிமிசம் யோசிச்சாரு. மூஞ்சி பூராம் சிரிப்பு வந்துருச்சு.

"ஏம்மா மெர்சி! மத்தியானத்துல இருந்து வெளிய நின்னு தீர்ப்புச் சொல்றியே, சித்தெ உள்ள வந்து சொல்லும்மா!"

மைதானமே ஓன்னு கத்துச்சு. "மெர்சியக்கா! மெர்சியக்கா!" மதுக்கரைக் கேப்டன் இல்மா, ஒல்லியா நெட்டையா ஒரு புள்ள, அவதான் அந்த டீமுக்கு முக்கியமான பௌலரும் கூட. அவளும் சிரிச்சுக்கிட்டே, "எங்களுக்குச் சரிதான். ஆன்ட்டியே நிக்கட்டும்"னுட்டா.

கயலு மட்டும் சிரிக்கலை. காலுல பேடு கட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே எந்திரிச்சு ஓடி வந்தா. "அம்மா, வேண்டாம்மா. நீ நின்னா எனக்கு அவுட் குடுத்துருவே."

பக்கத்துல நின்னவங்கெல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க. ஆத்தாக்காரி நின்னா அவுட்டே குடுக்க மாட்டான்னுதான் ஒலகத்துல எல்லாரும் பயப்படுவாங்க.

"ஏன்டி, அவுட்டா இருந்தா குடுப்பேன். இல்லாட்டி எதுக்கடி குடுக்கறேன்?"

கயலு ஒரு பார்வை பாத்தா, திரும்பிப் போயி பேடு கட்டிக்கிட்டா. மெர்சிக்கு அந்தப் பார்வையை யோசிக்கறதுக்கெல்லாம் நேரமில்லை. ரசாக் பாய் நீட்டுன வெள்ளைக் கோட்டைச் சேலை மேல மாட்டி, தொப்பியைக் கொண்டை மேல அமுத்தி, பந்தை எண்ண ஆறு சின்னக் கல்லைப் பொறுக்கிக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு நடந்தா. நெஞ்சுக்குள்ள கிரைண்டரு ஓடற மாதிரி அப்படி ஒரு அதிர்வு.

உள்ள போயி நின்னாத்தானுங்க தெரியுது. வெளிய இருந்து பாத்தா பந்து மெல்லமாத்தான் வரும். உள்ள நின்னா, அட ஆண்டவரே, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கீப்பர் கையில இருக்குது. வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது. பதினொரு புள்ளைங்க ஒட்டுக்காக் கத்துனா, அவுட்டா இல்லாட்டியும் அவுட்டு மாதிரியே தெரியுது. அவ நின்ன மொத ஓவர் பூராம் கல்லை எண்ணறதுலயே இருந்தா. ரெண்டாவதா அவ நின்ன ஓவர்ல, "வைடுங்க!"ன்னு கையை விரிச்ச விரிப்புல இல்மா மூக்குல பட்டிருக்கும், அந்தப் புள்ள குனிஞ்சு தப்பிச்சுது. அதுக்கப்புறம் மெர்சிக்குக் குஷி வந்துருச்சு. நோபால்னா ஒரு சத்தம், போர்னா ஒரு கையாட்டல். ரசாக் பாய் மைக்குல, "நம்ம மெர்சி அம்பயரிங்கைப் பாத்தா டிவிக்காரங்க நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க"ன்னாரு.

எட்டாவது ஓவர் நடுவுல ஒரு வெள்ளைக் காரு மைதானத்துக்குள்ளயே வந்து நின்னுச்சு. திருமலைசாமி எறங்குனாரு. உள்ளாட்சித் தேர்தல் வந்தாக் கவுன்சிலர் சீட்டு தனக்குத்தான்னு ரொம்ப வருசமா நம்பிக்கிட்டு இருக்கற மனுசன். அன்னைக்கு அவருதான் கோப்பை குடுக்கறவரு. பின்னால நாலு பேரு, கையில பொன்னாடை, ஒரு போட்டோக்காரரு. நேரா பிச்சுக்கு நடந்து வந்து, ஆடிக்கிட்டு இருக்கற புள்ளைங்க தோளுல பொன்னாடையைப் போடப் பாத்தாரு.

"ஏனுங்ணா, இன்னும் மூணு பாலு இருக்குதுங்க. அக்கட்டால நின்னுக்கோங்க"ன்னா மெர்சி.

"ரெண்டே நிமிசம் அம்மணி. ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

"ரெண்டே நிமிசம்னு சொல்லித்தானுங்ணா எங்க சந்துல பைப்புக்குத் தோண்டுனாங்க. குழி இன்னும் அப்படியே இருக்குதுங்க. போன வாரம் எங்கூட்டுக்காரரு ஆட்டோ அதுலதான் எறங்குச்சு."

சனம் விசிலடிச்சுது. திருமலைசாமி சிரிக்கறதா மொறைக்கறதான்னு தெரியாம ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிக்கிட்டு, பந்தலுக்குள்ள போயி உக்காந்தாரு. அவருக்குப் பக்கத்துச் சேர்லதான் அந்தக் காலேஜ் டீச்சரம்மா, கண்ணாடி போட்டுக்கிட்டு, மடியில நோட்டோட உக்காந்திருந்தாங்க. மெர்சி அப்பத்தான் அவங்களைப் பாத்தா. பாத்ததும் தொப்பியை நேரா இழுத்து விட்டுக்கிட்டா.

ஜங்ஷன் டீமுல ஒவ்வொருத்தியா அவுட் ஆனாங்க. கயலு மட்டும் நின்னா. ஒரு ஓவர் பாக்கி, ஜெயிக்கப் பன்னெண்டு ரன்னு வேணும். பந்தை அடிக்கற பக்கம் கயலு, அக்கட்டால அக்ஷிதான்னு பத்தாப்புப் படிக்கற சின்னப் புள்ள. கடைசி ஓவர் போட இல்மாவே பந்தை வாங்கிக்கிட்டா. மெர்சி நின்னது இல்மா பந்து போடற பக்கம்.

மொதப் பந்து, கயலு காலுப்பக்கமாத் தூக்கி அடிச்சா. நாலு! சனம் சேரை எடுத்துத் தலை மேல வெச்சுக்கிட்டு ஆடுச்சு. ரெண்டாவது பந்து படலை. மூணாவதுல ரெண்டு ரன்னு. இன்னும் ஆறு வேணும், மூணு பந்து இருக்குது. மெர்சி மூணாவது கல்லை அடுத்த பைக்கு மாத்துனா.

நாலாவது பந்தைக் கயலு மெதுவாத் தட்டிட்டு ஒரு ரன்னுக்கு ஓடி வந்தா. ஓடி வந்தது மெர்சி நின்ன பக்கம். கிட்டக்க நின்ன ஒரு மதுக்கரைப் புள்ள பந்தைப் பொறுக்கி எறிஞ்சா. இல்மா புடிச்சா. கயலு குப்புற உழுந்து பேட்டை நீட்டுனா. ஸ்டம்பு சிதறுச்சு. புழுதி கெளம்புச்சு.

மெர்சி பாத்தா. தெளிவாப் பாத்தா. ஸ்டம்பு சாயறதுக்கு முந்தியே பேட்டு கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ள இருந்துச்சு. அதுல ஒரு துளி சந்தேகமும் இல்லைங்க.

பதினொரு புள்ளைங்களும் கத்துனாங்க. பந்தலுக்குப் பக்கத்துல இருந்து ஒரு ஆம்பளைக் கொரலு, "அட, பெத்தவ எங்க அவுட் குடுக்கப் போறா!"ன்னுச்சு. அந்தக் கொரலு காதுல உழுந்ததும் மெர்சி கை தன்னால மேல போயிருச்சு. விரலு வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அவுட்!

அப்புறம் கை தட்டுனாங்க பாருங்க, அப்படி ஒரு கைதட்டலு அந்த மைதானம் கேட்டிருக்காது. மதுக்கரைக்காரங்க மட்டுமில்லை, போத்தனூர்க்காரங்களும் தட்டுனாங்க. ரசாக் பாய் மைக்குல கத்துனாரு. "சொந்த மகளுக்கே அவுட் குடுத்திருக்குது! நேர்மைன்னா இதுதானுங்க நேர்மை!" திருமலைசாமி எந்திரிச்சு வந்து மைக்கை வாங்கி, "இப்படி ஒரு தாயை..."ன்னு ஆரம்பிச்சே போட்டாரு. டீச்சரம்மா குனிஞ்சு நோட்டுல எதையோ எழுதுனாங்க.

கயலு எந்திரிச்சா. மொழங்கை சிராய்ச்சு ரத்தம் கசிஞ்சுது. சண்டை போடலை. கையைக் காட்டி, கோட்டைக் காட்டி, ஒரு வார்த்தை கேக்கலை. பேட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா.

மெர்சிக்கு அந்தக் கைதட்டலு மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுங்க. பொய் சொல்ல வேண்டாம், ஜிவ்வுன்னுதான் இருந்துச்சு. கயலு பத்தடி போற வரைக்கும் அப்படித்தான். அதுக்கப்புறந்தான் அவ முதுகு கண்ணுல பட்டுச்சு. இந்தப் புள்ள ஏன் ஒண்ணும் கேக்காமப் போறா? அவளுக்கும் தெரியுமே, உள்ளதான் இருந்தோம்னு தெரியுமே.

கேட்டுப் பழக்கமில்லை, அதான். சர்ச்சுல மெர்சி ஞாயிறு பள்ளி டீச்சரா இருந்தப்ப, பைபிள் வசனப் போட்டியில கயலு ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிச்சா. மெர்சி அவளுக்கு ரெண்டாவது பரிசுதான் குடுத்தா. தெருவுல புள்ளைங்க அடிச்சுக்கிட்டா மொத அறை கயலுக்குத்தான், யாரு மேல தப்புன்னு கேக்கறது அதுக்கப்புறந்தான். ஊரு மெச்சுச்சு. மெர்சி தம்புள்ளைன்னு பாக்க மாட்டான்னு பேரு.

அந்தப் பேரு அவளுக்கு எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னா, அதுக்கும் ஒரு காரணம் இருக்குதுங்க. மெர்சியோட அப்பன் ஆத்தா வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துல கூலிக்கு இருந்தவங்க. தோட்டத்துல நாலு தேங்காய் கொறைஞ்சாலும் மொதல்ல சோதனை போடறது இவங்க குடியிருந்த சாளையைத்தான். ஒரு நாளும் ஒண்ணும் கெடைச்சதில்லை. அடுத்த தடவை கொறைஞ்சாலும் நேரா இங்கதான் வருவாங்க. நாம சரியா இருந்தா மட்டும் பத்தாது, ஒருத்தரு வாயைத் தொறக்கறதுக்கும் எடம் குடுத்துறக் கூடாதுன்னு அப்பவே மெர்சி நெஞ்சுல ஏறிப்போச்சு. அந்தப் பயத்துக்கு இத்தனை வருசமா வட்டி கட்டுனது கயலு.

இன்னைக்கு அந்தப் புள்ளையோட காலேஜே போகுது. அடுத்த பேட்டிங்காரி உள்ள வந்துக்கிட்டு இருக்கா.

"நில்லுங்க!"ன்னு மெர்சி கத்துனா. "ஒரு பந்தும் போடாதீங்க! கயலு, நில்லுடி அங்கயே!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, வேகு வேகுன்னு பந்தலுக்கு நடந்தா. திருமலைசாமி இன்னும் தாய்க்குலத்தைத்தான் பாராட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு கையில இருந்த மைக்கை, "சித்தெ குடுங்ணா"ன்னு புடுங்கிக்கிட்டா.

"எல்லாரும் கேளுங்க. நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அந்தப் புள்ள உள்ளதான் இருந்தா. நான் கண்ணால பாத்தேன். பாத்துப்போட்டும் அவுட் குடுத்தேன். எம்புள்ளைங்கறதால குடுத்தேன். வேற எந்தப் புள்ளையா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். நீங்க தட்டுன கைதட்டலு எனக்கு வேண்டாமுங்க, திருப்பி எடுத்துக்கோங்க."

அப்பறம் கேக்கணுமா? மைதானம் ரெண்டாப் பொளந்துச்சு. "அதான பாத்தேன், பெத்தவ புத்தி!"ன்னான் ஒருத்தன். "குடுத்தது குடுத்ததுதான், மாத்தக் கூடாது!"ன்னு மதுக்கரைப் பக்கம் நாலஞ்சு பேரு கோட்டுக்குள்ளயே வந்துட்டாங்க. இத்தனை நேரம் நேர்மைன்னு தட்டுன கையெல்லாம் இப்ப மெர்சியைப் பாத்து நீளுது. ரவிக்குமாரு வந்து பொண்டாட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டாரு. இன்னொரு அம்பயரு, "நான் லெக் பக்கம் நின்னேன், எனக்கு எதுவும் தெரியலைங்க"ன்னு கையை விரிச்சுட்டாரு.

ரசாக் பாய் மைக்கை வாங்குனாரு. "கத்தாதீங்க! கேப்டனைக் கேப்போம். இல்மா, நீ சொல்லும்மா. நீ மாத்தலாம்னா மாத்தலாம், முடியாதுன்னா முடியாது."

இல்மா பந்தை உருட்டிக்கிட்டே மெர்சிகிட்ட வந்தா. அவளுக்கும் அந்தச் சீட்டு வேணும். அவளும் அதுக்குத்தான் ஆடறா. மூஞ்சியில சிரிப்பே இல்லை.

"ஆன்ட்டி, நான் பந்தைத்தான் பாத்தேன். பேட்டைப் பாக்கலை. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு. ஒரு சாண் உள்ள."

இல்மா அவ கண்ணைப் பாத்தா. "சரி, வரச் சொல்லுங்க"ன்னுட்டுத் திரும்பி நடந்தா. அவ டீமு ஆளுங்க கத்துனதுக்கு, "ஆடி ஜெயிப்போம், வாங்கடி"ன்னு ஒரு அதட்டு போட்டா.

கயலு வந்து நின்னா. அம்மாவைப் பாக்கலை. ஓடுன அந்த ஒரு ரன்னும் சேந்து, இன்னும் அஞ்சு வேணும், ரெண்டு பந்து. அக்ஷிதா அஞ்சாவது பந்தைக் கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துனா. எங்கியோ பட்டு ஒரு ரன்னு வந்துச்சு. கடைசிப் பந்துக்குக் கயலு பேட்டைப் புடிச்சு நின்னா. நாலு அடிச்சா கோப்பை. மூணுன்னா சமம், அப்புறம் ஆளுக்கு ஒரு ஓவர் ஆடித் தீத்துக்கலாம்.

இல்மா ஓடி வந்தா. கயலு சுத்துன சுத்துல பந்து ரெண்டு பேருக்கு நடுவுல புகுந்து கோட்டைப் பாத்து ஓடுச்சு. "போ! போ! போ!"ன்னு மைதானமே பந்தைத் தொரத்துச்சு. மதுக்கரைப் புள்ள ஒருத்தி உழுந்து பொரண்டு, கோட்டுக்கு ஒரு அடி முன்னால பந்தைப் புடிச்சு நிறுத்திட்டா.

ஒண்ணு ஓடிட்டாங்க. ரெண்டும் ஓடிட்டாங்க. "மூணு!"ன்னு கயலு கத்துனா. அவ மறுபடியும் மெர்சி நின்ன பக்கந்தான் ஓடி வர்றா. பந்தும் அங்கதான் வருது. இல்மா ஸ்டம்பு மேல கையை நீட்டிக்கிட்டு நிக்கறா. கயலு அதே மாதிரி குப்புற உழுந்தா. அதே புழுதி.

மெர்சி குனிஞ்சே பாத்தா. ஸ்டம்பு சாயும்போது பேட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல நாலு வெரக்கடை மண்ணு தெரிஞ்சுது.

எல்லாரும் மெர்சி மூஞ்சியைப் பாத்தாங்க. ஆண்டவரே, இந்த நாலு வெரக்கடையை நீங்க மூடியிருக்கக் கூடாதான்னு அவ நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பந்தலைப் பாக்கலை, கூட்டத்தைப் பாக்கலை. கீழ கெடந்த மகளை மட்டும் பாத்துக்கிட்டு விரலைத் தூக்குனா.

அவுட். ஒரே ஒரு ரன்னுல போச்சு. மதுக்கரைப் புள்ளைங்க இல்மாவைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. இந்தத் தடவை மெர்சிக்கு ஒருத்தரும் கை தட்டலை. தப்புன்னும் யாரும் சொல்லலை.

கயலு எந்திரிச்சு, புழுதியைத் தட்டிக்கிட்டு நேரா வந்தா. மெர்சி என்ன வேணா வரட்டும்னு நின்னா. திட்டுனாத் திட்டட்டும், அடிச்சாக் கூட அடிக்கட்டும்.

"இது அவுட்டும்மா"ன்னா கயலு. "முன்னாடியே கேக்கணும்னு நெனைச்சேன், வாய் வரலை. மொதல்ல குடுத்தது அவுட் இல்லைதானே?"

"இல்லைடி தங்கம். அது அவுட் இல்லை. வசனப் போட்டியில கூட நீதான்டி மொதலு."

கயலு மூஞ்சி கோணிப்போச்சு. பதினேழு வயசுப் புள்ள, சின்னக் கொழந்தையாட்ட ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அப்பத்தான் அந்த டீச்சரம்மா புழுதியில நடந்து வந்தாங்க. இல்மாவையும் கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. "நீங்க ரெண்டு பேரும் நாளைக்கு மார்க் ஷீட்டு, டிசி எல்லாம் எடுத்துக்கிட்டுக் காலேஜுக்கு வந்துருங்க. காலைல பத்து மணிக்கு. லேட்டாகாதீங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. ரெண்டு புள்ளைங்களும் ஒருத்தியை ஒருத்தி கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சாங்க பாருங்க, டீச்சரம்மா ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

மெர்சிக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த அழுகை. அம்பயர் கோட்டோட, தலையில தொப்பியோட, அத்தனை சனத்துக்கு நடுவுல பிச்சு மேலயே உக்காந்து ஓன்னு அழுதா. கயலு ஓடி வந்து தோளைப் புடிச்சு உலுக்குனா.

"அம்மா, எந்திரிம்மா! எல்லாரும் பாக்கறாங்கம்மா!"

"பாக்கட்டும்! எம்புள்ளைக்குக் காலேஜு கெடைச்சிருக்குது, நான் அழுவறேன்! நல்லாப் பாக்கட்டும்!"